மூன்று மணித் தட்டல்

மார்ச் 3, செவ்வாய்
கிளினிக் நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்தாள். "எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எவ்வளவு நேரம் தூங்குனீங்கன்னு தினமும் காலையில எழுதுங்கம்மா. மத்தியானத்துக்கு மேல டீ வேண்டாம். பகல்ல கண்ணை மூடாதீங்க. தூக்கம் வரலன்னா புரண்டுக்கிட்டே கிடக்காம எழுந்து உட்காருங்க."
ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும்.
நேற்றுப் படுத்தது பத்து மணி. தூங்கியது ஒரு மணி நேரம் இருக்கலாம்.

மார்ச் 4
டீ குடிக்கவில்லை. தலைவலிதான் மிச்சம். மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். எழுந்து உட்கார்ந்தேன். திறக்கவில்லை.
அரை மணி நேரம்.

மார்ச் 6, வெள்ளி
கடிகாரத்தைத் துணி போட்டு மூடச் சொல்லியிருந்தாள் நர்ஸ். மூடினேன். காதை எதைப் போட்டு மூடுவது? மூன்று மணியானால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. பத்தொன்பது வருஷப் பழக்கம். பேக்கரியில் வேலை முடிந்து அவர் வரும் நேரம். எங்கள் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். இரண்டு தட்டுத் தட்டுவார். நான் அரைத் தூக்கத்தில் திறந்துவிட்டு மறுபடி விழுந்துவிடுவேன். "கும்பகர்ணன்கூட உன்கிட்ட வந்து பாடம் படிக்கணும்டி" என்பார்.
அவர் போய் ஐந்து மாதம். தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

மார்ச் 9, திங்கள்
சலவைக்கூடத்தில் நானும், சுருட்டை முடியால் எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிடும் பெண்ணும் ஒரே இஸ்திரி உருளையில் நிற்கிறோம். ஆஸ்பத்திரி விரிப்புகள். ஆளுக்கொரு முனை பிடித்து, கொதிக்கும் உருளைக்குள் நுழைக்க வேண்டும். நான் "விடு" என்றதும் இரண்டு பேரும் கையை எடுக்க வேண்டும். இன்றைக்கு "விடு" சொன்னேனா என்றே நினைவில்லை. விரிப்பு கோணலாகப் போனது.
"என்னக்கா, ராத்திரி பூரா யாருக்குக் காவல் காக்குறீங்க?" என்று சிரித்தாள். சூப்பர்வைசரிடம் அவள் சொல்லவில்லை. நானும்தான். கை வந்தாலும் உருளை நிற்காது என்று தெரிந்தும்.

மார்ச் 10
தூக்கம் இல்லை.

மார்ச் 11
இல்லை.

மார்ச் 12, வியாழன்
ஐயோ.
நின்னபடியே கண்ணு செருகிடுச்சு. முனையைப் பிடிச்ச பிடியோட என் கை உருளைக்குப் போயிருக்கு. சுருட்டை குறுக்க பாஞ்சு என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தா. என் கை தப்பிச்சுது. அவ கை உருளையில பட்டுடுச்சு. நாலு விரலும் வெந்துபோச்சு. அவ கத்தின பிறகுதான் எனக்கு முழிப்பே வந்துச்சு.
நான் கண்ணை மூடினா யாருக்காவது எமன் வந்து நிக்கிறானே — ஏன்?

மார்ச் 13
ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லிவிட்டேன். என் மகளிடம்கூடச் சொல்லாததை. அவர் போன அன்றைக்கும் தட்டியிருக்கிறார். ஜுர மாத்திரை போட்டுக்கொண்டு நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். காலையில் கதவைத் திறந்தால், படியில் சாய்ந்து கிடக்கிறார். நெஞ்சுவலி. விரல்கள் மடங்கியே இருந்தன, இன்னும் ஒரு தட்டு பாக்கி இருப்பது போல. "ரொம்ப நேரம் சத்தம் கேட்டுச்சு, நீங்க திறந்திருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
சுருட்டை என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு ராத்திரி உங்க வீட்டுக்கு வர்றேன். இந்தக் கை எரிச்சல்ல எனக்கும்தான் தூக்கம் கிடையாது. தட்டினா நான் திறக்குறேன். நீங்க படுங்க."

மார்ச் 15, ஞாயிறு
விழித்தபோது காலில் வெயில். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.
"தட்டினாரா?"
"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா. ஆனா மூணு மணிக்குத் திறந்து வச்சேன். கொஞ்ச நேரம் காத்து வந்துச்சு. அப்புறம் சாத்திட்டேன்."
ஐந்து மணி நேரம்.

மார்ச் 16
நான் தூங்கி விழுந்ததைச் சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார். அங்கே சூடு இல்லை.

மார்ச் 20, வெள்ளி
நேற்று நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்து மணிக்கணக்கை மட்டும்தான் பார்த்தாள் போல. "பரவாயில்லையேம்மா! எது கேட்டுச்சு? டீயை விட்டதா?" ஆமாம் என்றேன்.
ராத்திரி தனியாகத்தான் படுத்தேன். தாழ்ப்பாள் போடவில்லை. காலையில் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
ஆறு மணி நேரம்.