பாசி பிடித்த இறால் வலை

ஒக்டோபர் 7, செவ்வாய்
காலைல மப்பு. மத்தியானத்துக்கு மேல இடி மழை.
ரப்பர் தோட்டத்துக் குளத்துல செல்வி அக்கா போட்ட ரெண்டு இறால் வலைக் கூட்டிலும் பாசி. வலைக்கண்ணே தெரியல, பச்சைக் கம்பளி. தண்ணி உள்ள போறதில்ல. விடியக்காலம் பார்த்தா இறால் எல்லாம் மூச்சு முட்டி, வலையைப் பிடிச்சு மேல ஏறி நிக்குது.
அக்கா: "இதுவும் செத்தா திங்கக்கிழமை கொழும்பு பஸ். கார்மென்ட் ஃபேக்டரிதான் கதி."
"போ. உன் கட்டில் எனக்கு."
சிரிக்கல அவ. போன தடவை அவ போனப்போ வீட்ல சண்டை பிடிக்க ஆளில்ல. உப்பில்லாத சோறு மாதிரி இருந்துச்சு.
போக விடமாட்டேன்.

8, புதன்
வலையைத் தண்ணிக்குள்ள வச்சே தேய்ச்சோம். மடத்தனம். உதிர்ந்த பாசி பக்கத்துக் கூட்டுல அப்பிக்கிச்சு. அக்காவுக்கு இறால் மேல பாசம், இறாலுக்குக் கூடு முழுக்கப் பாசி.
பழைய வலை ஒண்ணு மிச்சம் இருக்கு, அழுக்கோட. கழுவி மாத்தணும்.

9, வியாழன்
ரப்பர் ஸ்டோர்ல ரப்பர் பால் உறைய வைக்கிற தொட்டி காலியா கிடந்துச்சு. அதுல வலையை ஊறப் போட்டு மிதிச்சோம். என் யோசனை! அடியில மிச்சம் பால் இருந்ததை ரெண்டு பேருமே பார்க்கல. தூக்கினா கண்ணுக்குக் கண் ரப்பர் சவ்வு. வலை பலூன் ஆயிருச்சு.
"ரப்பர் தோட்டத்துல பொறந்துட்டு இது தெரியாதாடி?"
"நீ எங்க பொறந்த, கப்பல்லயா?"
ஈர வலையாலயே ஒரு அடி.
இருட்டுற வரைக்கும் உரிச்சோம். நகம் போச்சு.

11, சனி
காயாத வலையைப் போட்டா ஒட்டியிருக்கிற பாசி திரும்ப வளரும். வெயில்? எங்க? மழைதான்.
ரப்பர் சீட்டுக்குப் புகை போடுற பண்டா மாமாகிட்ட போனோம். அவர் பேச்சு பாதி சிங்களம்.
"மொகத நங்கி, என்ன தங்கச்சி, இறால் புகைக்கவா?"
"வலை காய வைக்க மாமா. புகை அறைக்குள்ள இடம் தாங்களேன்."
"உள்ள எப்பா, வேணாம். என் சீட்ல பாசி விழும். அடுப்புப் பக்கச் சுவர் சூடு. வெளிய, கூரைக்குக் கீழ கட்டு."
கட்டினோம். பாசி அப்பளமா நொறுங்குது.

12, ஞாயிறு
ஒரு கூட்டுக்கு வலை மாத்தியாச்சு. அள்ளும்போது ஒரு இறால் என் விரலைக் கவ்விச்சு.
அக்கா: "சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கு."
கொஞ்சம் இறால் செத்துக் கிடந்துச்சு. அக்கா ஒண்ணொண்ணா பொறுக்கினா.

13, திங்கள்
தூறல். மாத்தின கூட்டுல ஒரு இறாலும் மேல ஏறல. தீனி போட்டா அடியில இருந்து வருது.
ரோட்டுல கொழும்பு பஸ் போற சத்தம். அக்கா இடுப்பளவு தண்ணியில, திரும்பிக்கூடப் பார்க்கல.
"நாளைக்கு அடுத்த கூடு. கழட்டின வலையைச் சுவர்ல கட்டிட்டியா?"
நாளைக்காமே! வாய் வரைக்கும் கேலி வந்துச்சு. முழுங்கிட்டேன். கட்டப் போறேன்.