மார்பளவுத் தண்ணீர்

குறிப்பு எண் 37
2025 பிப்ரவரி 6, வியாழக்கிழமை, காலை 6.20 மணி

நேற்று மாலை நாலரைக்கு வருவதாகச் சொன்ன வடிவமைப்பாளர் ஷண்முகப்ரியா நாலு ஐம்பதுக்கு வந்தார். அடையாறு பாலத்து நெரிசலைக் காரணம் காட்டினார். பாலத்துக்கு அப்பால் அலுவலகம் வைத்திருப்பவர் பாலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கிளம்ப வேண்டாமா? ஆனால் வரைபடத்தில் குறை சொல்ல இடமில்லை. காரை விற்றபின் வெறுமனே கிடக்கும் பின்புறத்து ஷெட்டை எடுத்துவிட்டு, அங்கே ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலத்தில் குளம். அகலமான படிகள், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, சுற்றிலும் வழுக்காத மரத்தளம், உட்கார ஒரு பெஞ்சு, மேலே பாதி வெயிலை மறைக்கும் பந்தல்.

குதித்து விளையாடுவதற்கல்ல, என் மனைவி பங்கஜம் நடப்பதற்கு. அவளுடைய இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. அறுவை சிகிச்சைக்கு அவள் இசையவில்லை. மார்பளவுத் தண்ணீரில் தினமும் அரைமணி நடந்தால் கால்கள் பலப்படும் என்கிறார் டாக்டர். பொதுக் குளத்துக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். 2024 ஜூலை 14-க்குப் பிறகு அவள் தன் காலால் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. தாண்ட வைக்க வேண்டும். இந்த வீட்டில் ஒரு நீச்சல் குளம் வருவதற்கு வேறு நியாயம் எதுவும் கிடையாது.

"ஆன்ட்டியை ஒரு தடவை நிக்க வச்சு அளந்துக்கலாமா, அங்கிள்?" என்றார் ஷண்முகப்ரியா. பங்கஜம் அப்போதுதான் சற்றுக் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்புவானேன்? அவளுடைய ஆயுள் காப்பீட்டு மருத்துவ அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தேதி 12.8.1987. உயரம் 157 சென்டிமீட்டர். கையொப்பமும் முத்திரையும் தெளிவாக உள்ளன. அந்தப் பெண் ஒரு கணம் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவுத் துறையில் இருந்தவனிடம் ஆவணத்தைப் பற்றி ஐயம் எழுப்ப அதற்குக் கூச்சமாக இருந்திருக்கும். தண்ணீரின் ஆழம் 120 என்று முடிவு செய்தோம்.

குறிப்பு எண் 50
பிப்ரவரி 19, புதன்கிழமை, இரவு 8.05

பங்கஜம் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறாள். பக்கத்து அடுக்ககத்து மூன்றாம் மாடியிலிருந்து யார் கண்ணிலும் அவள் படக்கூடாது. நியாயமான நிபந்தனை.

ஆகவே இன்று மாலை ஐந்து மணிக்கு, முன்னனுமதி பெற்று, மூன்றாம் மாடியில் இருக்கும் ஜுவேரியாவின் வீட்டு பால்கனியில் நின்று கீழே பார்த்தேன். நம் வீட்டு வேலைகளைக் கவனிக்கும் முத்தம்மா, குளம் வரவிருக்கும் இடத்தில் நின்று, மூங்கில் கழியில் பழைய போர்வையைக் கட்டி உயர்த்திப் பிடித்தாள்.

"இப்ப தெரியுதாய்யா?"

"தெரிகிறது. இன்னும் உயரமாக!"

"இதுக்கு மேல இன்னாய்யா ஒசத்துறது? கை கழண்டு வந்துடும். அம்மா இன்னா சினிமா ஸ்டாரா, ஊரே எட்டிப் பாக்க?"

கீழே நம் சமையலறை ஜன்னலில் பங்கஜத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. ஜுவேரியா எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, "தாராளமா மறைச்சுக்குங்க, அங்கிள். ஆனா ஆன்ட்டி நடக்க ஆரம்பிச்சதும் எனக்கு மட்டும் சொல்லி அனுப்பணும்" என்றாள். நல்ல பெண். தேநீரில் சர்க்கரை அதிகம்.

மறைப்பின் உயரம் 2.4 மீட்டர், மரச் சட்டங்கள் சாய்வாக. காற்று வரும், கண் வராது.

குறிப்பு எண் 63
மார்ச் 4, செவ்வாய்

பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். நான் ஒன்பது முறை போய்ப் பார்த்ததாகப் பங்கஜம் எண்ணிச் சொல்கிறாள். ஏழு முறைதான்.

குறிப்பு எண் 86
மார்ச் 27, வியாழன், மாலை 6.40

நீச்சல் உடை வந்தது. ஷண்முகப்ரியா தியாகராய நகரில் தேடி வாங்கினாராம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கருநீல உடை. பங்கஜம் அதைத் தன்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

"ஏன்னா, இதைப் போட்டுண்டு நான் நடக்கறதா, இல்லை சர்க்கஸ்ல பார் விளையாடறதா?"

கௌரவமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். உண்மையில் அழகாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். எழுபத்தொரு வயதுக்காரியிடம் எழுபத்தாறு வயதுக்காரன் எப்படிச் சொல்வது? கால்சட்டை நுனி தரையில் புரண்டது. கடைக்காரன் அளவு தவறிக் கொடுத்துவிட்டான் என்று கண்டித்தேன். முத்தம்மா மடித்துத் தைத்துவிட்டாள்.

குறிப்பு எண் 112
ஏப்ரல் 22, செவ்வாய்

கசிவுச் சோதனை. நிரப்பி ஏழு நாள் விட்டுப் பார்த்ததில் வெயிலுக்கு வற்றியது தவிர நீர்மட்டம் இறங்கவில்லை. மேஸ்திரி ஹபீபுர் ரஹ்மானின் கையைக் குலுக்கினேன். "சார், ஒரு சொட்டு போனாலும் என் பேரை மாத்திக்கறேன்" என்றார்.

குறிப்பு எண் 129
மே 9, வெள்ளிக்கிழமை, பகல் 11.15

இதை இன்றே எழுத வேண்டும்.

காலை 7.10-க்குப் பங்கஜம் இறங்கினாள். படி ஒவ்வொன்றுக்கும் நான் கரையில் நின்று எண் சொன்னேன். ஐந்தாம் படிக்குப் பிறகு தரை. தண்ணீர் மார்போடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. தோளுக்கு வந்தது. அவள் அசைந்ததும் எழுந்த சிற்றலை தாடையில் அடித்தது. ஓர் அடி வைத்தாள். கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. கம்பியிலிருந்து கை நழுவி — ஐயோ — முகம் உள்ளே போயிற்று.

நான் என்ன செய்தேன்? கோப்பும் கையுமாக நின்றேன். வேறு ஒன்றுமே செய்யல. தண்ணின்னா எனக்கு பயம். முழங்காலுக்கு மேல நான் எந்தத் தண்ணிலயும் நின்னதில்ல. கடலோரப் பட்டினப்பாக்கத்துக்காரி முத்தம்மா கட்டிய புடவையோடு குதித்து, ஒரே தூக்கில் அவளைப் படியில் உட்கார வைத்தாள். "அம்மா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, துப்பு... தண்ணிய துப்பு!"

மூச்சு வந்ததும் பங்கஜம் என்னைப் பார்த்தாள். கோபமில்லை.

"நான் குட்டையாயிட்டேன்னா. உங்களுக்குத் தெரியலையா? ஒரே ஆத்துலதானே இருக்கேள்?"

எனக்குத் தெரியவில்லை.

குறிப்பு எண் 130
மே 10, சனி

இனி அதில் இறங்கமாட்டாளாம். கூடத்தைத் தாண்டவில்லை. என் காப்பியில் மட்டும் வழக்கமான சூடு.

குறிப்பு எண் 133
மே 13, செவ்வாய், பகல் 3.30

ஹபீபுர் ரஹ்மானை வரவழைத்துத் தண்ணீரைக் குறைக்கலாமா என்று கேட்டேன். "முடியாது சார். மேல்தண்ணிய இழுக்குற வாய் அந்த மட்டத்துலதான் கீது. கொறைச்சா மோட்டார் காத்த குடிக்கும். தரைய ஒசத்துனாதான் உண்டு. எவ்ளோ ஒசத்தணும்னு சொல்லுங்க." அப்புறம் சற்று நின்று, "இந்த வாட்டி பேப்பர் வாணாம் சார், டேப்ல அளந்து சொல்லுங்க" என்றார். தகுந்த சொல்தான்.

அளந்தேன். பங்கஜத்தைச் சுவரோடு நிற்கவைத்து, தலைமேல் அடிக்கோல் வைத்து, பென்சிலால் குறித்தேன். 146.5. தவறாக இருக்கும் என்று மறுபடியும் அளந்தேன். 146.5. பத்தரை சென்டிமீட்டர்! ஒரே நாளில் குறைந்திருக்காது. முப்பத்தெட்டு வருடங்களில் என் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு நூலாகக் குறைந்திருக்கிறாள். அலமாரியின் மேல்தட்டு டப்பாக்கள் கீழ்த்தட்டுக்கு வந்ததைப் பார்த்தேன். புடவையை அவள் இடுப்பில் கூடுதலாகச் செருகிக்கொள்வதைப் பார்த்தேன். நீச்சல் உடை தரையில் புரண்டதையும் பார்த்துவிட்டுக் கடைக்காரனைக் குறை சொன்னேன். எல்லாவற்றையும் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அடிக்கோலைப் பிடுங்கி, "இப்போ நீங்க நில்லுங்கோ" என்றாள். என் பணிப்பதிவேட்டில் 170. சுவரில் 164.

"ஆறு போயிடுத்து! உங்களுக்கும் போயிடுத்து! நிமிர்ந்து நில்லுங்கோ, எக்கித் திருடாதேங்கோ." வெகு நேரம் சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "தரையை ஒசத்தச் சொல்லுங்கோ. நான் இறங்கறேன். ஆனா கரையில நின்னு எண் சொல்ற மனுஷன் எனக்கு வேண்டாம். நீங்களும் இறங்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

குறிப்பு எண் 163
ஜூன் 12, வியாழக்கிழமை, காலை 9.00

தரை பதினான்கு சென்டிமீட்டர் உயர்ந்து, ஆழம் 106 ஆகிவிட்டது. காலை 6.45-க்கு இறங்கினோம். முதலில் நான். அப்படித்தான் இன்று அவள் கேட்டாள். இரண்டாம் படியில் ஆறு நிமிடம் நின்றேன். முத்தம்மா கரையில் குந்தியிருந்து, "வா நைனா, வா, முதலை ஒண்ணும் இல்ல" என்று ஊக்குவித்தாள். அவள் என்னை நைனா என்று அழைத்தது இதுவே முதல் முறை. கண்டிக்கும் நிலையில் நான் இல்லை.

தண்ணீர் பங்கஜத்தின் மார்போடு நின்றது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள். நான்கு நடை, இருபது மீட்டர். என் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக நடந்ததில்லை. மெதுவாக நடந்தால் பக்கத்தில் வருகிறவளின் முகம் தெரிகிறது.

குறிப்பு எண் 196
ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, காலை 10.30

இன்று முத்தம்மா வழியாக அடையாறுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்:

அன்புள்ள ஷண்முகப்ரியாவுக்கு,

குளம் 12.6.2025 முதல் தடையின்றிப் பயன்பட்டு வருகிறது. ஒரு குறை உண்டு. கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டுமே உள்ளது. பங்கஜம் சென்ற மாதம் 28-ஆம் தேதியிலிருந்து கம்பியைத் தொடுவதில்லை. நடுவில் நடக்கிறாள், வேகமாகவும் நடக்கிறாள். திரும்பி வரும்போது எனக்குப் பிடிமானம் இல்லை. அவளுடைய தோளைப் பிடிக்க நேர்கிறது. அதற்கு அவள் செய்யும் கேலியை முத்தம்மா தெரு முழுவதும் பரப்புகிறாள். எனவே எதிர்ப்பக்கமும் என் உயரத்துக்கேற்ற கம்பி ஒன்று பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவசரமில்லை. தோளும் வசதியாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
கோதண்டபாணி

இணைப்புகள்:
1. என் உயரம், 14.7.2025 அன்று பங்கஜம் அளந்து கையொப்பமிட்டது.
2. கம்பி வர வேண்டிய இடத்தின் வரைபடம், என் கையால் வரைந்தது.
3. பிஞ்சு வெண்டைக்காய், அரைக் கிலோ. பங்கஜம் நேற்று மாலை மந்தைவெளி மார்க்கெட்டுக்குத் தானே நடந்து போய், ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்கியது.