நீவெஸின் துப்பாக்கிக் கட்டை

அக்டோபர் 11, ஞாயிறு

பன்றி வேட்டைக்குப் போன நீவெஸ் மத்தியானத்துக்கு முன்பே வீடு திரும்பிவிட்டாள். பன்றி கிடைக்கவில்லை. துப்பாக்கியைச் சமையல் மேசைமேல் வைத்தாள். காலமான அவள் அப்பாவுடையது, ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பழைய ரகம். குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கிற மரக்கட்டை நீளவாக்கில் விண்டிருந்தது.

“அவ்வளவுதான். இனிமே நான் போகல,” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டது இதைத்தான். பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன். நல்ல புருஷன்!

அக்டோபர் 13

ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் பூசுகிறவன் நான். பன்றி சுடுகிறவள் என் மனைவி. இதை வைத்தே குவால்தியேரோ பாதி ஆயுளைச் சிரித்துக் கழித்துவிட்டான். அவள் வேட்டைக் குழுவுக்குத் தலைவன் அவன். இன்று காப்பிக்கடையில் பிடித்துக்கொண்டான்.

“என்ன மாப்ளே, ஒம் பொண்டாட்டி துப்பாக்கி வாயப் பொளந்துருச்சாமே? நாலு கிளிப்பு மாட்டிச் சரி பண்ணிரு!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சிரிக்காமல் வேறு என்ன செய்வது, காப்பி பாதிதான் குடித்திருந்தேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

நீவெஸ் வீட்டில் இருக்கிறாள். என் சாயக் குப்பிகளை உயரவாரியாக அடுக்கிவிட்டாள். எது செம்பட்டை, எது கறுப்பு என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும். என் குழம்பில் உப்பு சரிபார்த்தாள். இரண்டு முறை.

பிறகு மலைச்சரிவிலிருந்து குழுவின் நாய்கள் குரைப்பது கேட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள். சத்தம் தேய்ந்து போகும்வரை அப்படியே நின்றாள். அப்புறம் நறுக்கினாள்.

மாதாவே, நான் கேட்டது இதை இல்லை.

அக்டோபர் 19, திங்கள்

கடைக்கு விடுமுறை. அவளுக்குத் தெரியாமல் கட்டையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், விரிசலில் தச்சர் பிசின் ஊற்றிக் கட்டி வைத்தேன். எவ்வளவு சுலபம்! இதற்கா ஜனங்கள் தொழில் கற்கிறார்கள்?

அக்டோபர் 20

ஒட்டியது என் இரண்டு விரல்கள். கட்டை அல்ல.

அக்டோபர் 22

பெசரோ நகரத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம்.

“எண்ணெய் குடிச்ச மரத்துல எந்தப் பிசினுங்க ஒட்டும்? மொதல்ல எண்ணெய எடுங்க. அது கெடக்கட்டும், மரம் ஏன் ஒடைஞ்சுது? கட்டைக்கு உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும், ஒரு இரும்பு வளையம் இருக்கும். வளையம் ஸ்பிரிங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?”

வீட்டுக்கு ஓடித் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். பின்னாடி.

“அது குருவித் தோட்டாவுக்கு வைக்கிற எடம். பன்றித் தோட்டான்னா முன்னாடி மாத்தணும். இல்லன்னா ஒவ்வொரு தடவையும் குழல் பின்னால வந்து இடிக்கும். மரம் பாவம், எத்தன நாள் தாங்கும்?”

அந்தத் துப்பாக்கியை நீவெஸைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஆக, தப்பு அவளுடையது! வாழ்நாளில் முதல் தடவை! சந்தோஷத்தில் கடைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினேன்.

சரி. இதை அவளிடம் யார் சொல்வது? வேறு எவனாவது இந்த வீட்டில் இருக்கிறானா?

அக்டோபர் 26, திங்கள்

ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, நகச்சாயம் அழிக்கும் திரவத்தால் கட்டையைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். நன்றாக உலர்ந்தபின் முடி உலர்த்தும் மெஷினால் இளஞ்சூடு காட்டினேன். மரம் கறுப்பாக வியர்த்தது. மாமனார் விட்ட எண்ணெய். பவுடர் தூவி உறிஞ்சினேன். துணியில் கறை வராத வரைக்கும் மறுபடி, மறுபடி. சவர பிளேடால் விரிசலை மெல்ல விரித்து, இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் பசையை உள்ளே தள்ளி, சுருள்முடிக்குப் போடும் ரப்பர் வளையங்களால் இறுக்கினேன்.

கதவு திறந்தது. நீவெஸ்.

நாற்காலியில் அவள் அப்பாவின் கட்டை, மேலெல்லாம் இளஞ்சிவப்பு ரப்பர். ஒரு வளையத்தை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“என்ன பண்ற?”

“சுருள்முடி பெர்ம்,” என்றேன். சாகப்போகிறவன் வாயில் வேறென்ன வரும்?

அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வளைய விஷயத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

“எங்கப்பா எப்படி வச்சாரோ அப்படித்தான் நானும் வச்சேன்.”

“ஒங்கப்பா சுட்டது குருவி, நீவெஸ்.”

போய்விட்டாள்.

அக்டோபர் 27

பேச்சில்லை. வாயாடா இது! அவருடைய துப்பாக்கியைத் தொடுவதுதான் அவளுக்கு அப்பாவைத் தொடுவது. எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன் — ஜெயிக்க வேண்டும் என்று. எதை ஜெயித்தேன்? ஆறிப்போன சூப்பை.

நவம்பர் 1

ரப்பரைப் பிரித்தேன். ஒட்டியிருந்தது! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒன்றும் சொல்லாமல் சமையல் மேசையில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்தபோது துப்பாக்கி கட்டையோடு முழுசாக மாட்டியிருந்தது. திருட்டுத்தனமாகக் கழற்றிப் பார்த்தேன். வளையம் முன்னாடி.



நவம்பர் 8, ஞாயிறு

விடிகாலையில் போர்வையை உருவினாள். “கெளம்பு. ஒட்டுனது நீ. விட்டுப்போச்சுன்னா திட்டறதுக்கு ஆள் பக்கத்துல இருக்கணும்ல?”

ஆரஞ்சு நிற மேலுடையில் நான் பழுத்த பூசணிபோல இருந்தேன். ஈரக் காடு, உறைந்த கால்கள். நாய்கள் நெருங்கின. புதர் பிளந்து பன்றி எங்களை நோக்கி வந்தது, சோபா அளவுக்கு. நீவெஸ் துப்பாக்கியைத் தூக்கினாள். நான் தும்மினேன்.

பன்றி திரும்பியது. அவள் இரண்டு முறை சுட்டாள். மரப்பட்டை தெறித்தது. பன்றி எந்தப் பக்கம் ஓடியதென்று நான் பார்க்கவில்லை, கட்டையைத்தான் பார்த்தேன். ஒரு முடி அளவுக்குக்கூட விலகவில்லை. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குவால்தியேரோ மூச்சிரைக்க வந்தான். “யாரு கோட்டை விட்டது? என்னமோ தும்முன மாதிரி கேட்டுச்சே?”

நான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் விட்டேன்,” என்றாள் நீவெஸ். “குறி தப்பிருச்சு.”

வழி தவறினால்கூடச் சாலையைக் குற்றம் சொல்கிறவள். குவால்தியேரோ தலையைச் சொறிந்துகொண்டு நாய்களைக் கூப்பிடப் போனான்.

காரில் மெதுவாக ஆரம்பித்தேன். “அந்தத் தும்மல் வந்து...”

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடுத்த ஞாயித்துக்கெழம ஜலதோஷ மாத்திர போட்டுட்டு வா.”