ஆடிக் கூழைக் கவிழ்த்தவள்

அன்புள்ள மகன் குருவுக்கு,

அம்மா ஜெயம்மாள் ஆசியுடன் எழுதுவது. வலது கையில் மாவுக்கட்டு; நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜீவிதா எழுதுகிறாள். போனில் பேசினால் கத்துவாய், அதனால்தான் இதைப் படமெடுத்து அனுப்புகிறோம். உன் மாமன் ஆதிகேசவன் கையை முறிக்க விமானத்துக்குச் சீட்டுப் போட்டிருக்கிறாயாம். முழுவதும் படித்துவிட்டு ஏறு.

ஊரில் வாந்திபேதி. கோவில் கிணற்றில் சாக்கடை இறங்கியிருந்தது. ஊராட்சித் தலைவி நான், சும்மா இருக்க முடியுமா? கிணற்றைப் பூட்டினேன். தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் மருந்து கலந்து குழாயில் விட்டேன். அதற்குள் ஆடிக் கூழ் வந்து தொலைந்தது. விழாவை நடத்துபவன் உன் மாமன். “மருந்து நாத்தம் அடிக்கிற தண்ணியில அம்மனுக்குக் கூழ் கரைக்கிறதா? உனுக்கு இன்னா பைத்தியமாக்கா?” என்று கேட்டான். கடப்பாரையால் பூட்டை உடைத்து, காய்ச்சி ஆறிய கூழை அந்தப் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டார்கள்.

சொம்போடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் தூய்மைப் பணியாளர் வேல்முருகனும் போய் அண்டாக்களைக் கவிழ்த்தோம். கல் பறந்தது. வேல்முருகனைக் கீழே தள்ளி மிதித்து, “நீயே துன்னுடா” என்று பிளீச்சிங் பவுடரை வாயில் திணித்தார்கள். உன் மாமன் கூழ் கிண்டும் துடுப்பால் என்னை அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். இடுப்பில் வைத்து நான் வளர்த்த தம்பி, குரு! துடுப்பு என் கைக்கு எட்டியிருந்தால் நானும் அவன் மண்டையைப் பிளந்திருப்பேன். போலீசில் புகாரும் கொடுத்துவிட்டேன். அதைத் திரும்ப வாங்கப் போவதில்லை.

ஆனால் முதல் சொம்புக் கூழ் விழா நடத்தும் வீட்டுக்குத்தானே. நான் போய்ச் சேருமுன்பே அவன் மகள் சுகாசினி குடித்துவிட்டிருக்கிறாள். அன்று மாலையே குழந்தைக்குப் பேதி கண்டுவிட்டது. அவனோ போலீசுக்குப் பயந்து, போனை அணைத்துவிட்டு எங்கோ ஒளிந்திருந்தான். அவன் பெண்டாட்டி, உன் அத்தை இந்திராணி ஓடிவந்து என் காலைப் பிடித்தாள். “அண்ணி, கொழந்தைக்குக் கண்ணு சொருகிக்கினு போவுதும்மா” என்று அழுதாள். ஆம்புலன்சில் நான்தான் ஒற்றைக் கையால் மடியில் பிடித்துக்கொண்டு போனேன். பாலாற்றுப் பாலம் தாண்டி செவிலிமேடு வருவதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது.

அடக்கத்துக்கு உன் மாமன் வந்தான். “என்னை அடிச்சிக் கொல்லுக்கா” என்று கல்லில் தலையை மோதிக்கொண்டான். ரத்தம் கண்ணில் வழிந்தது. போலீஸ்காரர்கள்தான் பிடித்து இழுத்துப் போனார்கள்.

இரண்டொரு நாளில் ஜாமீனில் வந்துவிடுவான். இந்திராணி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று தாய்வீடு போய்விட்டாள். நீ வா, குரு. அடிக்க அல்ல. அவன் பக்கத்தில் படுத்துக்கொள். கிணற்றுப் பக்கம் தனியாகப் போக விடாதே.

அம்மன் காப்பாற்றுவாள் என்று எழுதச் சொல்ல இன்று எனக்கு வாய் வரவில்லை. நீ பத்திரமாக வந்து சேர்.

உன் அம்மா,
ஜெயம்மாள்