குதிர் வாசலில் கர்ப்பூரம்

திருகோணமலை,
1943 ஆவணி.

அன்புள்ள மகள் கமலாதேவிக்கு,

அம்மாவும் நானும் சுகம். போன வருடம் சித்திரையில் குண்டு போட்ட யப்பான்காரன் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை, அந்த வேலைக்கு உள்ளூரிலேயே ஆட்கள் இருப்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது போலும். பதுளைக் குளிரில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருமலின்றி இருக்க அம்பாளை வேண்டுகிறோம்.

உன் புருஷன் வீரசிங்கம் துறைமுகக் குதிர்க் காவல் வேலையை விட்டுவிட்டார். வேறு யாரும் கதை கட்டி எழுதுமுன் நானே எழுதுகிறேன். துறைமுகத்தில் கோதுமை கொட்டிவைக்கத் தென்னை உயரத்தில் தகரக் குதிர்கள் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அவற்றுக்கென்று தீக்காப்பு விதிப் புத்தகம் ஒன்று கப்பலில் வந்தது. மூட்டை கொட்டும்போது எழும் தூசியில் ஒரு பொறி பட்டால் குதிரே வெடிமருந்துபோல் வெடிக்கும், ஆகையால் அங்கே விளக்கு, சுருட்டு, அடுப்பு ஆகாது என்பது அதன் சாரம். கோட்டில் நீதவானுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்று அதைத் தமிழாக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் தமிழாக்கினேன், மனேச்சர் இரத்தினசிங்கம் வியாக்கியானம் செய்தார். புதுக் கோதுமை கொட்டுமுன் குதிர் வாசலில் தேங்காய் உடைத்துக் கர்ப்பூரம் கொளுத்துவது அங்கே வழக்கம். சுருட்டு இருக்கு, அடுப்பு இருக்கு, கர்ப்பூரம் எங்க இருக்கு, காட்டுங்கோ பாப்பம் என்று கேட்டார். எழுதினவனுக்குக் கர்ப்பூரம் தெரியாது என்றேன். தெரியாத ஒண்டை அவன் எப்பிடி ஐயா தடுத்திருப்பான் என்றார்.

போன வெள்ளிக்கிழமை மனேச்சர் பிந்தி வந்தார். ஆட்கள் உள்ளே இறங்கி மூட்டை கொட்டத் தொடங்கி, வாசலெல்லாம் தூசி பனிபோல் நிற்க, அதற்குள் கர்ப்பூரத்தைக் கொளுத்தினார். மருமகன் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கிக் கர்ப்பூரத் தட்டின்மேல் கவிழ்த்தார். உள்ளே நின்ற கிண்ணியாக் கங்காணி ஜமால்தீன், தம்பி சாமியையும் சேத்து மூடிப்போட்டார், ஆனா நாங்க பிழைச்சம் என்று சத்தம் போட்டாராம்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மருமகன்மேல் இரண்டு குற்றம். சாமியை அவமதித்தது ஒன்று. மற்றது அந்தப் புத்தகத்திலேயே எடுத்தது: மணல் வாளி எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும், வீரசிங்கம் அதை வெறுமையாக்கிவிட்டார். இவ்வளவு கவனமாக வாசிக்கும் மனிதரை நான் கோட்டிலும் கண்டதில்லை. அங்கே வந்திருந்த கோயில் நிர்வாகி வண்ணக்கர் கருணை காட்டினார். அடுத்த கப்பல் கோதுமை கொட்டும்போது அதே இடத்தில் தன் கையால் கர்ப்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டால் வேலை நிலைக்குமாம். அப்படியானால் நீங்கள் இருவரும் குதிருக்குள் நின்று கும்பிடுங்கள், கதவை நான் சாத்துகிறேன் என்று மனேச்சரையும் வண்ணக்கரையும் பார்த்துச் சொன்னேன். இருவருக்கும் அன்றைக்கு வேறு அலுவலாம். மருமகன் மட்டும், உள்ளுக்கை ஆக்கள் நிக்கேக்க என்னால ஏலாது ஐயா என்று குதிர்ப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

இன்று காலை ஜமால்தீன் வீட்டுக்கு வந்தார். கர்ப்பூரம் எரிந்தால் உள்ளே இறங்கமாட்டோம் என்று ஆட்கள் நின்றுவிட்டார்களாம். மனேச்சர் உடனே புத்தகத்தைப் புதிதாக வாசித்து, குதிரடியில் இடம் போதாதென்று பூசையைத் துறைமுக வாசல் கேற்றடிக்கு மாற்றிவிட்டார். மருமகனைத் திரும்ப எடுப்பது பற்றி மட்டும் புத்தகத்தில் ஒன்றும் இல்லையாம்.

அவர் புதன்கிழமை றெயிலில் வருகிறார். அம்மா கருவாடு கட்டிக்கொண்டிருக்கிறாள். வேலை போனதைவிட உன் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. ஆகையால் பிள்ளை, வாசலில் வைத்து ஒன்றும் கேளாதே, முதலில் சோற்றைப் போடு. பெருமைப்பட்டால் அதை மறைக்கவும் வேண்டாம். இருவரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோணாமலை