கடைசி வரிக்கு ஓடுகிறவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மேல்படிப்பு நுழைவுத் தேர்வின் மொழிப் பகுதியில் நான் மண்ணைக் கவ்வியது பழைய கதை. நேற்று மாதிரித் தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கிவிட்டேன், அப்பா!

முன்பு தோற்றதன் காரணத்தைக் கண்டுபிடித்தவள் என் அறைத்தோழி. "எந்தப் பத்தியக் குடுத்தாலும் ஏன்டி கடைசி வரிக்கே ஓடுற? முதல்லேருந்து படியேன்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதினீர்களே, அன்று தொற்றிய பழக்கம்.

அடுத்த மாதம் மறுபடி தேர்வு எழுதுகிறேன்; இந்தத் தடவை விடுவதாக இல்லை. வேலைக்குக் கூட்டிப்போகும் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரே ஒரு உதவி: இனிமேல் "அம்மா நல்லா இருக்கா" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மீதியை நிதானமாகப் படித்துக்கொள்கிறேன்.

உங்கள் சின்னவள்