சிம் இல்லாத போன்

குண்டு, நல்லா இருக்கியாடா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் சின்னது காதில் விழும், ஒற்றை ரூமில் எங்கே போய்ப் பேசுவது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா தவறிப் போனதிலிருந்து அவர் போன் அணையக் கூடாது என்று ராத்திரி பகலாகச் சார்ஜிலேயே போட்டு வைத்திருந்தேன் இல்லையா, அது முதுகு பிளந்து நின்றுவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, ஏங்கக்கா சார்ஜ் போட்டீங்களா இல்ல சோறு ஊட்டினீங்களா, வயிறு எப்படி வீங்கியிருக்கு பாருங்க, வெடிக்காம விட்டதே பெரிசுன்னு திட்டினார். வேறு பேட்டரி போட்டு, கீறல் விழுந்த கண்ணாடியையும் மாற்றிக் கொடுத்தார். சின்னது விளையாடக் கேட்டுக்கொண்டே இருந்தாளே, சிம்மை எடுத்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். மாடிவீட்டு வைஃபையில் விளையாட்டு ஓடியது. சிம் இல்லாத போனில் யார் பேசப் போகிறார்கள் என்று நானும் நிம்மதியாகப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு சரிப்பா, சரிப்பான்னு சிரிக்கிறாள். விளையாட்டுக்குப் பேசுகிறாள் என்று நினைத்தேன். திரும்பத் திரும்பச் சொல்லவும் அவள் காதில் இருந்ததைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். ஒரு ஆம்பிளைக் குரல், செல்லம், அம்மா பக்கத்துல இருக்காங்களான்னு கேட்கிறது. யாருன்னு கேட்டதும் கட் ஆகிவிட்டது. அந்த விளையாட்டில் கூட ஆடுகிறவர்கள் பேசலாமாம், எனக்கு எங்கே தெரியும்.

அப்பா உன்கூட வெளியூரில் இருக்கிறார் என்று இவளிடம் நாம் சொல்லி வைத்தோமே. அப்பா போனில் குரல் வந்ததும் இவளே அப்பாவான்னு கேட்டிருக்கிறாள், அவன் ஆமாம்னு சொல்லியிருக்கிறான். நீலக் கேட்டு, தையல் கடைக்குப் பக்கத்து வீடு, நான் துணி கொடுக்கப் போகிற நேரம், எல்லாம் சொல்லிவிட்டாள். வந்து கூட்டிப் போகிறேன், அம்மாகிட்டே சொல்லாதேன்னானாம். அப்பாவோடு கிளம்பணும் என்று பூப்போட்ட கவுனை இவள் மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

ரிப்பேர் கடைக்காரரே கூட வந்து போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வைத்தார், போனும் அங்கேதான் இருக்கிறது. பார்க்கிறோம்னு சொன்னார்கள். நான் துணி கொடுக்கப் போகவில்லை, இவளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. கேட்டு சத்தம் கேட்டால் நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்கிறேன், அவள் எழுந்து ஓடுகிறாள்.

நீ பயந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. வண்டியில் பார்த்துப் போ. தெரியாதவர்களிடம் வீட்டு விஷயம் பேசாதே. நீ நூறு வயசு நல்லா இருக்கணும்.

உன் அம்மா

கவரை ஒட்டப் போனேன், பக்கத்தில் வந்து நிற்கிறாள். யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதேன்னு சொன்னாயே, அப்பா வந்து கூப்பிட்டாலுமா என்று கேட்கிறாள். நான் என்னடா சொல்லட்டும்?